பொடவுக்குள் இருந்து இரண்டு முறை கூப்பிட்டாய்

தம்பிக்கு அய்யா எழுதுவது. நலமா என்று கேட்டு ஏற்கெனவே இரண்டு கடிதம் போட்டேன். இரண்டுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. இந்த மூன்றாவது கடிதத்தில் அதைக் கேட்கப் போவதில்லை. ஆனி மாதம் வந்த உன் கடிதத்தில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான்காம் வகுப்போடு நின்ற கை என்பதால் எழுத்து கோணலாக இருக்கும்.

உன் கடிதத்தை மாட்டுக்கொட்டத்தில் வைத்துத்தான் படித்தேன். வீட்டுக்குள் வைத்துப் படித்தால் உன் ஆத்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள், எனக்கு வரி தப்பிவிடும். எந்த ஊரில் இருக்கிறாய் என்று நீ எழுதிய இடத்தில் உங்கள் பட்டாளத்து அதிகாரிகள் மை பூசியிருந்தார்கள். மலை என்பதும் மழை என்பதும் மட்டும் தெரிந்தது. முகாம் மாறிப் போகும் வழியில், ஓய்வு விட்ட ஒரு நாளில், அந்த ஊர்க்காரர் ஒருவர் உங்களை ஒரு குகைக்குக் கூட்டிப் போனார் என்று எழுதியிருந்தாய். உள்ளே சுவரெல்லாம் புழுக்கள் பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தன, நன்றாகத் தெரியட்டும் என்று கூட வந்தவர்கள் கைவிளக்கை அணைத்தார்கள், நீ மட்டும் அணைக்காதீர்கள் என்று சத்தம் போட்டாய், எல்லோரும் சிரித்தார்கள். அதற்குக் கீழே, "அய்யா, கீழக்குயில்குடிப் பொடவுல நான் கூப்பிட்டது ஒங்களுக்குக் கேட்டுச்சா, கேக்கலையா?" என்று ஒரு வரி. பதினேழு வருஷம் கழித்து, அத்தனை தூரத்திலிருந்து அந்த ஒரு வரி வந்தது. அதற்கு நான் என்ன பதில் எழுதினேன் என்பது உனக்குத் தெரியும். செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, இந்த வருஷம் மழை பிந்துகிறது என்று எழுதினேன். அடுத்த கடிதத்தில் கன்று நன்றாகப் பால் குடிக்கிறது என்று எழுதினேன்.

ஊரில் என்னை மீசைக்காரர் என்பார்கள். உசிலம்பட்டிச் சந்தையில் எனக்கு வழி விடுவார்கள். முரட்டு மாட்டைப் பிடிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். மாட்டுக்கும் மனுஷனுக்கும் நான் பயந்ததில்லை, அது உண்மை. ஆனால் இருட்டென்றால் எனக்கு ஆகாது. இந்த வயதிலும் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க மாட்டேன். வண்டிக்கு அடியில் ராந்தலைக் கட்டித் தொங்கவிடுவது வழி தெரிய என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். மாடு தானாகவே வழி அறியும். ராந்தல் எனக்காகத்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அந்த அரண்டவன் உன் அய்யாதான். இதை மறைக்கத்தான் மீசையை இவ்வளவு பெரிதாக வளர்த்தேனோ என்னவோ.

அந்தப் பயத்தைத்தான் உனக்கு முதல் பாடமாகச் சொல்லிக்கொடுத்தேன். உனக்கு அப்போது நாலு வயது. இருட்டில் யாராவது உன் பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் சொல்லக் கூடாது, அது முனியாக இருக்கலாம் என்றேன். நம் பக்கத்தில் எல்லோரும் பிள்ளைகளுக்குச் சொல்வதுதான். முனி தெரிந்தவர்கள் குரலிலேயே கூப்பிடும், பதில் சொன்னவனைக் கொண்டுபோய்விடும், ஆனால் அதற்கு இரண்டு கூப்பாடுதான். மூன்றாவது முறை கூப்பிட அதற்கு நாக்கு எழாது. மூன்று முறை கூப்பிட்டால் அது மனுஷன். மற்றவர்கள் சொல்வதோடு விட்டுவிடுவார்கள். நான் பரீட்சை வைத்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் வைக்கோல்போருக்குப் பின்னால் நின்றுகொண்டு உன் ஆத்தா குரலில் கூப்பிடுவேன். நீ முதல் கூப்பாட்டிலேயே "என்னத்தா" என்று ஓடி வருவாய். முதுகில் ஒன்று வைப்பேன். "பச்சப் பிள்ளய ஏன் இப்புடிப் பயங்காட்டுறீங்க" என்று அவள் சண்டைக்கு வருவாள். நாலு நாள் அடி வாங்கினாய். ஐந்தாம் நாள் நான் கூப்பிட்டேன், நீ அசையவில்லை. இரண்டாவது முறை கூப்பிட்டேன், உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாய். மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் வாயைத் திறந்தாய். உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தேன்.

உனக்கு ஆறு வயது நடக்கும்போது, ஐப்பசியில், பருத்திப் பாரம் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் புறப்பட்டோம். முன் வண்டி என்னுடையது, பின் வண்டி உன் தாய்மாமன் காசியுடையது. கோபுரம் பார்க்க வேண்டும் என்று நீ அழுது அடம்பிடித்து ஏறிக்கொண்டாய். செக்கானூரணி தாண்டி நாகமலை கண்ணுக்குத் தெரியும்போது மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. பருத்தி நனைந்தால் ஆலையில் எடுக்க மாட்டார்கள். வண்டிகளைச் சாலையை விட்டு இறக்கி, கீழக்குயில்குடி மலையடியில் ஆலமரத்துக்குக் கீழே நிறுத்தி, படுதாவை இழுத்துக் கட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. உனக்குப் பல் கிட்டியது. காசி மாமா மாடுகளை அவிழ்த்துக்கொண்டே, "ஏ மாப்ள, மலைக்குப் பின்னால ஒரு பொடவு இருக்கு. ஆடு மேய்க்கிறவுக ஒதுங்குற எடந்தான். புள்ளயத் தூக்கிட்டுப் போ, நான் வண்டியப் பாத்துக்கிறேன்" என்றான். பொடவு என்பது குகைக்கு நம் பக்கத்துச் சொல் என்று உனக்குத் தெரியும். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. நீ போ, நான் வண்டியைப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். மீசை விடவில்லை.

பொடவின் வாய் அகலமானதுதான். உள்ளே நாலு ஆள் நிற்கலாம். நான் வெளிச்சத்தைப் பார்த்தபடி வாசலிலேயே உட்கார்ந்தேன். உச்சிப்பொழுதுதான், ஆனாலும் மழை இருட்டு. நீ உள்ளே துழாவிக்கொண்டிருந்தாய். பின்பக்கம் பாறைக்குக் கீழே தவழ்ந்து போகும்படி ஒரு சந்து இருந்தது. "அய்யா, உள்ள என்னமோ மினுக்குது" என்றாய். போகாதே என்று சொல்வதற்குள் உன் கால் மட்டும் தெரிந்தது, அதுவும் மறைந்துவிட்டது. நான் பின்னாலேயே தவழ்ந்தேன், அதையாவது சொல்லிக்கொள்கிறேன். சந்து திரும்பியதும் வெளிச்சம் சுத்தமாக அற்றுப்போனது. இடுப்பில் இருந்த தீப்பெட்டி நனைந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பாறை முழுக்கப் பச்சைக் கண்கள். சில அணைந்தன, சில எரிந்தன. பக்கத்தில் இரண்டு கண் மெதுவாக நகர்ந்தன.

தம்பி, நான் ஓடினேன். தவழ்ந்து போன இடத்தில் எப்படி ஓடினேன் என்று கேட்காதே. பாறையில் இடித்த தழும்பு இன்னும் என் நெற்றியில் இருக்கிறது. வெளியே மழையில் வந்து நின்ற பிறகுதான் கையில் நீ இல்லை என்று உறைத்தது. திரும்பிப் போக வேண்டும் என்று மனசு சொன்னது. கால் கேட்கவில்லை. அப்போதுதான் உள்ளேயிருந்து "அய்யா" என்று வந்தது.

கேட்டது, தம்பி. உன் கேள்விக்கு அதுதான் பதில். நன்றாகக் கேட்டது. மழைச் சத்தம் இருந்தது, பாறை இருந்தது, அதையெல்லாம் மீறிக் கேட்டது. ஆனால் குரல் பாறையில் பட்டுக் குழம்பி, பெரிதாகி, உன் குரலாக இல்லாமல் வந்தது. முனி என் மகன் குரலில் கூப்பிடுகிறது என்று நினைத்தேன். பதில் சொன்னால் என்னையும் கொண்டுபோய்விடும் என்று நினைத்தேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். இரண்டாவது முறையும் "அய்யா" என்று கேட்டது. முதல் முறையைவிட மெதுவாக இருந்தது. மூன்றாவது கூப்பாடு வரட்டும், வந்தால் என் பிள்ளை, உடனே உள்ளே போகிறேன் என்று காத்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வேட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு காசி மாமாவைக் கூப்பிட மலையைச் சுற்றி ஓடினேன்.

அவன் என் வண்டிக்கு அடியில் தொங்கிய ராந்தலை எடுத்து ஏற்றி, துண்டால் மூடிக்கொண்டு வந்தான். பொடவு வாசலில் இருந்தே, "மாப்ள, எங்கடா இருக்க? மாமா வாரேன்டா. மாப்ள, பேசுடா. மாமாடா" என்று மூச்சு விடாமல் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனான். முனிக்கு எத்தனை கூப்பாடு என்று அவன் எண்ணவே இல்லை. நீ "இங்கன இருக்கேன் மாமா" என்றாய். ராந்தல் வெளிச்சத்தில் நீ சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்ததாகவும், உள்ளங்கையில் ஒரு புழு இருந்ததாகவும் அவன்தான் சொன்னான். "பூச்சிடா மாப்ள, வெறும் மினுக்கட்டாம்பூச்சி. மழைக்கு அடஞ்சிருக்கு. எம்புட்டுக் கெடக்கு பாரு" என்று அவன் உனக்குச் சொன்னது வெளியே நின்ற எனக்குக் கேட்டது. பாறையில் நான் பார்த்த முனி, அரை விரல் நீளம்கூட இல்லாத புழு.

மழை விட்டதும் வண்டியைப் பூட்டினோம். நீ என் வண்டியில் ஏறவில்லை, மாமா வண்டியில் ஏறிக்கொண்டாய். நான் மாட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். பின்னால் நீங்கள் பேசுவது காதில் விழுந்தது. "ஏன்டா, ஒங்க அய்யாவக் கூப்புடலயா?" என்று மாமா கேட்டான். "கூப்பிட்டேன் மாமா. ரெண்டு தடவ." "மூணாவது ஏன் கூப்புடல?" "மூணாவதுக்கும் பேசலைன்னா, அய்யா இல்லைன்னு ஆயிரும்ல. அதான் கூப்புடல" என்றாய். நான் மாட்டை அதட்டுவதுபோல் அதட்டிக்கொண்டு வேகமாக நடந்தேன். அன்று நீ கோபுரத்தைப் பார்த்தாய். நான் பார்க்கவில்லை.

இத்தோடு விட்டிருந்தால் ஒரு தப்புதான். நெற்றியில் என்ன காயம் என்று அடுத்த வாரம் சந்தையில் கேட்டார்கள். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாதவன் நான். பொடவுக்குள் முனி என் மகனைப் பிடித்துக்கொண்டது, ஆயிரம் கண் அதற்கு, நான் உள்ளே பாய்ந்து இழுத்து வந்தேன் என்றேன். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். காசி மாமா பக்கத்தில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான், தங்கச்சி புருஷனை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் பேசாமல் இருந்தான். அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். நீ எட்டு வயதிலும் அந்தக் கதையைக் கேட்டாய், பதினெட்டு வயதிலும் கேட்டாய். ஒரு முறைகூட இல்லை என்று சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்தாய் என்று நினைத்திருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் வேறு விதமாகத் தோன்றுகிறது. அய்யாவுக்குக் கேட்டிருக்காது என்று உனக்கு நீயே சொல்லிக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறாய்.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கச் சந்தைக்கு வந்தார்களே, அந்த நாளையும் சொல்லிவிடுகிறேன். நீ கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தாய். உன் முகத்தைப் பார்த்தேன், உனக்குப் போக இஷ்டமில்லை என்று எனக்குத் தெரிந்தது. யாரோ ஒருவர், "மீசைக்காரர் மகன் போவானா?" என்றார். "முனிகிட்டயே பயப்படாத பய, சண்டைக்கா பயப்படுவான்?" என்று நான் சொன்னேன். எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். பிறகு நடந்து போய்ப் பேர் கொடுத்தாய். ஒரு பொய்க்குக் காவலாக உன்னை அனுப்பிவிட்டேன்.

இப்போது என் பயத்தைக் கேள். உன் கடிதத்தின் கடைசியில் வேடிக்கையாக ஒன்று எழுதியிருந்தாய். இருட்டின பிறகு முகாமுக்குத் திரும்பும்போது காவலுக்குப் பாரா நிற்பவன் யாரது என்று கூப்பிடுகிறான், உனக்கு மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் வாய் வருகிறது, ஹவில்தார் திட்டுகிறார், கூட இருப்பவர்கள் மூணாங்கூப்பாடு என்று பட்டப்பேர் வைத்துவிட்டார்கள் என்று. படித்துவிட்டுச் சிரித்தேன். நான் சொல்லிக்கொடுத்தது இன்னும் மறக்கவில்லை என்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். ஆவணியில் பட்டாளத்தில் இருக்கும் செக்கானூரணிப் பையன் ஒருவன் லீவில் வந்திருந்தான். அவனிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "சண்டை பக்கத்துல வந்துட்டா பாராக்காரன் மூணு தடவையெல்லாம் கூப்பிட மாட்டான்ணே. பதில் வரலைன்னா சுட்டுருவான். சுடச் சொல்லித்தான் நிறுத்திருக்காக" என்றான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தொட்டில் பழக்கம் என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அதன் மறுபாதியை எழுத எனக்குக் கை வரவில்லை.

கேட்ட அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. இப்போது ஐப்பசி, இரண்டு மாதம் ஆகிவிட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் தபால்காரர் சைக்கிளில் வருவார். முன்பெல்லாம் ஊர் எல்லையிலேயே போய் நிற்பேன். பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக்குத் தந்தி வந்ததிலிருந்து, மணிச் சத்தம் கேட்டால் கொட்டத்துக்குள் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவேன். மாடு குடித்து முடித்திருக்கும், நான் காட்டிக்கொண்டே இருப்பேன். உன் ஆத்தாதான் வாசலில் நின்று, "இன்னைக்கும் நமக்கு இல்லையாம்" என்று வந்து சொல்வாள். கடிதம் இல்லை என்பது வருத்தம், தந்தி இல்லை என்பது உயிர். எழுத உட்கார்ந்து எழுத உட்கார்ந்து கிழித்தேன். சோம்பல் இல்லை, தம்பி. இரண்டு கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மூன்றாவதைப் போட்டு அதற்கும் வரவில்லை என்றால் என்ன செய்வது? போடாமல் இருக்கும் வரைக்கும் நீ இருக்கிறாய். வண்டியில் உட்கார்ந்து ஆறு வயதில் நீ சொன்னது எனக்கு இந்த வயதில்தான் விளங்கியது. பொடவு வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற அதே ஆளாகத்தான் இந்த இரண்டு மாதமும் இருந்திருக்கிறேன். உள்ளே நீ இருக்கிறாய்.

நேற்று உன் ஆத்தாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொடவு, சந்தை, பாராக்காரன், எல்லாம். அடிப்பாள் என்று நினைத்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். "மொதல்ல எம் பிள்ளைக்கு அத எழுதிப் போடுங்க. ஒங்க மீசையப் பெறகு பாத்துக்கிருவோம்" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சந்தையிலும் சொல்லிவிடுவேன். வழி விடாவிட்டால் போகிறது, ஓரமாக நடந்து பழகிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை உன்னிடம் தருவதற்கு முன்னால் பிரித்துப் படிக்கப்போகும் அதிகாரி ஐயாவுக்கும் ஒரு வார்த்தை. எந்த வரியில் வேண்டுமானாலும் மை பூசிக்கொள்ளுங்கள், என் வெட்கத்தையெல்லாம் படித்துச் சிரித்துக்கொள்ளுங்கள். அடுத்த வரியை மட்டும் விட்டுவிடுங்கள். தம்பி, இருட்டில் யார் கூப்பிட்டாலும் முதல் கூப்பாட்டிலேயே பதில் சொல். உன் பேரைச் சொல், ஊரைச் சொல், சத்தமாகச் சொல். முனி என்று ஒன்றும் இல்லை. நான் பார்த்திருக்கிறேன், அது புழு. உன்னை அடித்துச் சொல்லிக்கொடுத்ததை இதோ உன் காலைப் பிடித்துத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

வெளியே மழை தொடங்கிவிட்டது. வைக்கோல்போருக்குப் படுதா போடப் போகவில்லை, இதை முடித்துவிட்டு உசிலம்பட்டிக்கு நடந்தே போய் என் கையால் தபாலில் சேர்க்கப்போகிறேன். ஒரு கடுதாசி போதும். எழுத முடியாவிட்டால் யாரையாவது விட்டு ஒரு வரி எழுதச் சொல். இது மூன்றாவது கூப்பாடு. கூப்பிடுவது முனி இல்லை, அய்யாதான். பேசு தம்பி.